சைரனோட வர்ற டார்ச்: எட்டு மாசம் தினமும் கையில வச்சிருந்து சொல்றேன்

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ் ஸ்டாப்ல இருந்து வீட்டுக்கு பத்து நிமிஷ நடைதான், ஆனா நடுவுல ஒரு துண்டு ரோடு லைட்டே இல்லாம இருட்டா கிடக்கும். ரொம்ப நாளா போன் டார்ச்ச வச்சுதான் ஓட்டிட்டு இருந்தேன். ஒரு நாள் பின்னாடி காலடி சத்தம் கேட்டு திரும்பி போன தூக்கிப் பிடிச்சா கொஞ்ச தூரத்துக்கு மேல ஒண்ணுமே தெரியல, அங்க நிக்கிறது ஆளா கம்பமான்னு கூட புரியல, போன்லயும் சார்ஜ் பத்து பெர்சென்ட்தான். அவசரத்துக்கு கால் பண்ண வேண்டிய போனையே விளக்கா எரிச்சிட்டு இருக்கோமேன்னு அப்பதான் உறைச்சுது.

முதல்ல வாங்கினது லைட்டும் ஷாக்கும் சேர்ந்த டார்ச். அத வாங்காதீங்கன்னு நேராவே சொல்லிடறேன். ஷாக் அடிக்கணும்னா அந்த ஆள் மேல டார்ச்ச வச்சு அழுத்தணும், அதாவது அவன் கைக்கு எட்டுற தூரத்துக்கு நாம போகணும், நமக்கு வேண்டியது தூரம்தானே? பிடுங்கிட்டான்னா அது அவன் கையில. லைட்டும் மங்கல். இதுல பிரிட்டன் மாதிரி சில நாட்டுல ஷாக் டார்ச் வச்சிருக்கறதே குற்றம், அதனால நாடு விட்டு நாடு போறவங்க சட்டத்த பாக்காம பையில போட்டுறாதீங்க.

அடுத்து வாங்கினதுதான் இது, ஒரு முனையில லைட், வால் பக்கம் ஒரு கயிறு, கயித்த இழுத்தா அதுல மாட்டின குட்டி ஆணி வெளிய வந்து சைரன் அலறும், அந்த ஆணிய திரும்ப சொருகுற வரைக்கும் நிக்காது. இதே உருவம் பல பேர்ல விக்குது, அதனால பேர விட்டுட்டு எத பாத்து எடுக்கணும்னு சொல்றேன்.

எனக்கு எல்லாத்துக்கும் மேல சுவிட்ச்தான். கடையில வெளிச்சத்துல நின்னு அமுக்கிப் பாக்கும்போது எல்லா டார்ச்சும் நல்லாதான் இருக்கும். வீட்டுக்கு வந்து ரூம் லைட்ட அணைச்சுட்டு, ஒரு கையில பைய பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பாக்கெட்ல இருந்து எடுத்து ஆன் பண்ணிப் பாருங்க. நான் முன்னாடி பாத்த ஒண்ணுல எல்லாத்துக்கும் ஒரே பட்டன், முதல் அமுக்குக்கு பெரிய லைட், ரெண்டாவதுக்கு சின்னது, மூணாவதுக்கு மின்னுற ஸ்ட்ரோப், அழுத்திப் பிடிச்சா சைரன். பதட்டத்துல எத்தன தடவ அமுக்கினோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? இப்ப வச்சிருக்கறதுல லைட் பட்டன் ரப்பர், கொஞ்சம் உள்வாங்கி இருக்கு, கட்டைவிரல் தானா போய் உக்காருது, அரை அழுத்தத்துல எரியும், விரல எடுத்தா அணையும், முழுசா கிளிக் பண்ணா நிலையா எரியும். சைரனுக்கு பட்டனே கிடையாது, கயிறுதான். ரெண்டும் ரெண்டு வேற அசைவு, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ண பண்ணவே முடியாது. ரெண்டு வேலை செய்யற டார்ச்னா இப்படித்தான் பிரிஞ்சு இருக்கணும்.

லூமென்ஸ் நம்பர பாத்து மயங்காதீங்க. அது மொத்த வெளிச்சம், எவ்ளோ தூரம் போகுதுங்கறது கேண்டெலா. டப்பாவுல ஆன்சி எஃப்எல்1 (ANSI FL1)னு போட்டிருந்தா, டார்ச்சுக்குன்னே 2009ல வந்த அந்த அமெரிக்க அளவுகோல்படி சோதிச்சதுன்னு அர்த்தம், அதுல தூரம்னு போடறது வெளிச்சம் கால் லக்ஸா (லக்ஸ்னா ஒரு இடத்துல விழற வெளிச்சத்தோட அளவு) குறையற இடம், கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம் அவ்ளோதான். 10,000 கேண்டெலான்னா கணக்குப்படி 200 மீட்டர் வரும். ஆனா பௌர்ணமி வெளிச்சத்துல தூரத்துல நிக்கிற ஆள் முகம் தெரியுமா? அதனால போட்டிருக்கற தூரத்துல மூணுல ஒரு பங்கத்தான் நான் கணக்குல எடுத்துக்கறேன். எரியற நேரமும் இப்படித்தான், வெளிச்சம் ஆரம்பத்துல இருந்ததுல பத்து பெர்சென்டா குறையற வரைக்கும் எண்ணிப் போடறாங்க. ஆயிரம் லூமென்ஸ்னு சொல்ற குட்டி டார்ச் பலதும், சூடு தாங்காம ரெண்டு மூணு நிமிஷத்துலயே தானா மங்கிடும், அது பழுது இல்ல, சின்ன உடம்பு அவ்ளோ சூட்ட வெளிய தள்ள முடியாது.

என்ன கேட்டா சின்ன வெளிச்சம் இருக்கான்னுதான் முதல்ல பாக்கணும். தினமும் சாவித் துவாரம் தேடவும் படிக்கட்டு பாக்கவும்தானே எடுக்கறோம், அதுக்கு பெரிய லைட்ட அடிச்சா நம்ம கண்ணே கூசிப் போய் சுத்தி இருக்கற இருட்டு இன்னும் கருப்பாயிடும், கண்ணு இருட்டுக்கு முழுசா பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும்ங்க. ஸ்ட்ரோப நான் நம்பறதே இல்ல, அது எதிர்ல இருக்கறவன குழப்புதோ இல்லையோ எனக்கே அந்த வெட்டு வெட்டான வெளிச்சத்துல கால் வைக்கிற இடம் தெரியல, வலிப்பு உள்ளவங்களுக்கு ஆபத்தாவும் ஆகலாம்.

சைரனுக்கு வருவோம். 130 டெசிபல்னு பெருசா போட்டிருக்கும், எவ்ளோ தூரத்துல அளந்ததுன்னு போட்டிருக்காது. தூரம் பத்து மடங்கானா 20 டெசிபல் குறையும், பத்து சென்டிமீட்டர்ல 120 இருந்தா ஒரு மீட்டர்ல 100, பத்து மீட்டர்ல 80. நான் தங்கச்சிய தெரு முனையில நிக்க வச்சு இழுத்துப் பாத்தேன், ஜன்னல் எல்லாம் சாத்தின வீட்டுக்குள்ள ரொம்ப கம்மியாதான் கேக்கும், ஆனா வெளிய நடக்கறவங்க கண்டிப்பா திரும்பிப் பாப்பாங்க. பக்கத்துல இருக்கறவன் அதிர்ந்து நிக்கற அந்த ரெண்டு செகண்டுதான் நமக்கு ஓட கிடைக்கற நேரம், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. காதுகிட்ட மட்டும் வச்சு இழுத்துறாதீங்க.

குறைன்னா ரெண்டு இருக்கு. முதல் வாரமே கயிறு பை ஜிப்ல மாட்டி பஸ்ஸுக்குள்ள அலறிடுச்சு, அந்த ஆணிய தேடி சொருகுறதுக்குள்ள கை நடுங்கிப் போச்சு, அன்னைல இருந்து கயித்த சுருட்டி ஒரு ரப்பர் பேண்டுக்குள்ள விட்டு வச்சிருக்கேன், இழுத்தா நழுவி வந்துடும். ரெண்டாவதுதான் பெரிய விஷயம். சைரனுக்கு தனியா குட்டி பட்டன் பேட்டரி, லைட் சார்ஜ் தீந்தாலும் சைரன் வேலை செய்யணும்னு அப்படி வச்சிருக்காங்க, நல்ல யோசனைதான், ஆனா ஆறாவது மாசம் சும்மா இழுத்துப் பாத்தா கொசு மாதிரி ஒரு முனகல். எத்தன நாளா அப்படி இருந்துச்சோ, நான் அத நம்பி நடந்துட்டு இருந்திருக்கேன். இப்ப மாசம் பொறந்தா முதல் நாள் இழுத்துப் பாக்கறேன். வீட்ல குழந்தை இருந்தா அந்த பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டதான்னு பாத்து வாங்குங்க, முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

லைட்டுக்கு உள்ள 18650 பேட்டரி, 18 மில்லிமீட்டர் தடிமன், 65 நீளம், கழட்டி மாத்தலாம், டைப்-சி கேபிள்ல சார்ஜ் ஆகும். கழட்டவே முடியாம உள்ளயே வச்சு மூடினத எடுத்தா பேட்டரி போனதும் டார்ச்சும் குப்பைதான். பையில தானா ஆன் ஆகாம இருக்க வால் மூடிய கால் சுத்து லூஸ் பண்ணி வைக்கலாம், நான் பகல்ல அப்படித்தான் வைப்பேன், பஸ்ல இருந்து எறங்கும்போது இறுக்கிடுவேன். தண்ணிக்கு ஐபிஎக்ஸ்4 போட்டிருக்கு, மழைத் தூறல் தாங்கும், தண்ணிக்குள்ள விழுந்தா நான் பொறுப்பில்ல. ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கணும்னா ஐபிஎக்ஸ்7 வேணும், சைரனுக்கு ஓட்டை விட்ட டார்ச்ல அது கிடைக்கறது கஷ்டம்.

அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், ஒண்ணு குறைச்சது அந்த பட்டன் பேட்டரி தீர்றத காட்ட ஒரு சின்ன சிவப்பு லைட் கூட வைக்காததுக்கு. தங்கச்சிக்கும் ஒண்ணு வாங்கிட்டேன், அவ இடது கைப்பழக்கம், கண்ணக் கட்டி ட்ரை பண்ணச் சொன்னேன், மூணாவது தடவையே சரியா இழுத்துட்டா.