கொழும்பில் வாடகைக்குப் போகும் பேஸ் பெட்டி: கட்டி, தூக்கி, அடித்துப் பார்த்ததில் தெரிந்தவை

பேஸ் பெட்டி கட்டப்போகிறேன் என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது மூன்று கேள்விதான். உங்கள் லொறி என்ன சைஸ்? கூட எத்தனை பொடியன்கள் வருவார்கள்? மண்டபம் எத்தனையாவது மாடி? வாட்ஸ் கணக்கு அதற்கப்புறம். கொட்டாஞ்சேனையில் இருந்து வாடகை சவுண்ட் ஓட்டும் எனக்கு வேலை கலந்து கட்டித்தான் வரும். ஜூன் மாதம் கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாளை ஒட்டி, ஆடிவேல் நேரம் செட்டியார் தெருப்பக்கம், மற்ற நாட்களில் கல்யாணம், பைலா பாண்ட், பாடசாலை விழா. எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டிதான் போக வேண்டும்.

முதலில் என்னிடம் இருந்தவை பழைய டபிள்யூ பின்கள். உள்ளே ஹோர்ன், அதாவது போகப்போக விரியும் குழல், மடித்து வைத்த பெட்டி. ரோட்டில் ஆறு, எட்டு என்று அடுக்கினால் டிரம்ஸ் கிக் நெஞ்சில் வந்து இடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டை மட்டும் மண்டபத்துக்குக் கொண்டுபோனால் பேஸ் கிட்டாரின் கீழ்த் தந்தி காணாமல் போகும். காரணம் எளிது. நான்கு தந்தி பேஸின் அடி ‘ஈ’ 41 ஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். அதைத் தள்ளிவிட ஹோர்னின் வாய் மிகப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல பெட்டிகளை ஒட்டி வைத்து அந்த வாயை உண்டாக்க வேண்டும். தனியாக நிற்கும் டபிள்யூ பின் 80 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தும், கீழே ஒன்றுமிராது. அப்புறம் வாங்கிய டபிள் 18 (ஒரே பெட்டியில் இரண்டு 18 இன்ச் ஸ்பீக்கர்) நல்ல பெட்டிதான், ஆனால் மாடிப்படியில் நான்கு பேர் வேண்டும். பம்பலப்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்கு லிஃப்ட் வேலை செய்யாத அன்று பொடியன்கள் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அதை விற்றேன்.

இப்போது ஓடுவது நான்கு சிங்கிள் 18, ரிஃப்ளெக்ஸ் வகை. முன்பக்கம் ஸ்பீக்கர், அதன் கீழே காற்று வரும் நீள வாய். வெளி அளவு 60 × 60 × 65 சென்டிமீட்டர், 18 மில்லிமீட்டர் பிளைவூட். ஸ்பீக்கர், வாய், குறுக்குச் சட்டம் எல்லாம் போக உள்ளே 165 லீட்டர் அளவில் நிற்கும். எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்றில் ஒரு பெட்டி அடங்கிவிடும். வெட்டி மிஞ்சும் துண்டுகள் சட்டத்துக்குப் போகும். எடை ஏறக்குறைய 50 கிலோ, இரண்டு பேர் தூக்கலாம். இந்த ஒரு விஷயத்துக்காகவே மற்றக் குறைகளை நான் மன்னிப்பேன்.

இந்த அளவை அப்படியே பிரதி எடுக்க வேண்டாம். பெட்டியைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். அதன் விவரத் தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் தானாக அதிரும் ஹெர்ட்ஸ்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (ஸ்பீக்கரின் கூம்பான கோனின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்ற மூன்று எண்களும் எக்ஸ்மேக்ஸும் (சத்தம் கெடாமல் கோன் ஆடக்கூடிய தூரம்) இருந்தால் வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு ஜேபிஎல் 2226, பழைய 15 இன்ச்: எஃப்எஸ் 40 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.31, விஏஎஸ் 175 லீட்டர். க்யூடிஎஸ் இப்படிக் குறைவாக இருந்தால் காந்தம் பலமானது, ரிஃப்ளெக்ஸுக்குத் தோது. புறக்கோட்டையில் ஒரு கடையில் 1500 வாட்ஸ் ஸ்டிக்கர் ஒட்டிய 18 ஒன்றை எடுத்துக் காட்டினார்கள். கோனை ஆட்டும் கம்பிச் சுருளான கொயில் எத்தனை இன்ச் என்று கேட்டேன், தெரியாது. க்யூடிஎஸ் கேட்டேன், “தம்பி, இது சூப்பர் மேக்னட்” என்றார்கள். தாள் இல்லாத ஸ்பீக்கருக்குப் பெட்டி கட்டுவது, காலைப் பார்க்காமல் சப்பாத்துத் தைப்பது மாதிரி.

என் பெட்டியை 38 ஹெர்ட்ஸில் டியூன் செய்திருக்கிறேன், அதாவது வாய்க் காற்று அதிகம் அதிரும் இடம் அது. வாய் 7 சென்டிமீட்டர் உயரம், உள்ளே ஓர் அடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். நீட்டினால் டியூனிங் இறங்கும், அகலப்படுத்தினால் ஏறும். கணக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. போனில் சைன் டோன் போட்டு 60 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்குங்கள், அம்ப் சத்தம் கொஞ்சமாக இருக்கட்டும். கோன் நன்றாக ஆடிக்கொண்டே வரும். 40க்குப் பக்கத்தில் ஆட்டம் அடங்கும். விரலை லேசாக வைத்தால் நடுக்கம் மட்டும் தெரியும். அதே நேரம் கீழ் வாயில் கையை வைத்தால் காற்று அடித்துத் தள்ளும். கோன் மிகக் குறைவாக ஆடும் இடம்தான் டியூனிங். இன்னும் கீழே 30க்கு இறக்கினால் கோன் கட்டவிழ்ந்த மாதிரி முன்னும் பின்னும் பாயும், ஆனால் சத்தம் வராது. ரிஃப்ளெக்ஸ் பெட்டிகளைக் கொல்வது இந்த இடம்தான். அதனால் 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் (ஒக்டேவுக்கு 24 டெசிபல்) போடாமல் நான் ஒருவருக்கும் வாடகைக்குக் கொடுப்பதில்லை. டிஜே பொடியன்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், கோன் மாற்றும் காசு என்னுடையது.

மரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்து, இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்தபோது 13 அடுக்கு பர்ச் பிளைவூட் என் கைக்கு எட்டவில்லை. மரைன் பிளைவூட் எடுத்தேன். கடையில் தாளை நிறுத்தி வைத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் அடுக்குக்குள் வெற்றிடம் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். அந்தத் தாள் வேண்டாம். பிறகு ஒரு குறிப்பிட்ட நோட்டுக்கு மட்டும் ‘ஜிர்’ என்று அடித்து உயிரை வாங்கும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை இந்த ஊருக்கு ஆகாது, ஒரு மழையில் ஓரம் ஊதிவிடும். வெட்டி ஒட்டும் வேலையை மொறட்டுவையில் தளபாடம் செய்யும் ஒரு தச்சுப் பாஸிடம் கொடுத்தேன். வேலை அருமை. உள்ளே குறுக்குச் சட்டம் எதற்கு என்றுதான் அவருக்குப் புரியவில்லை. “அலுமாரிக்கே இவ்வளவு போடுறதில்லையே தம்பி” என்றார். சட்டம் போடாத மாதிரிப் பெட்டி ஒன்றில் பாட்டுப் போட்டு, பக்கப் பலகையில் அவர் உள்ளங்கையை வைக்கச் சொன்னேன். அடுத்த மூன்றுக்கும் அவரே கேட்காமல் இரண்டு சட்டம் கூடப் போட்டார்.

காலப்போக்கில் என்ன கெட்டது? மரம் அப்படியே இருக்கிறது. உப்புக் காற்று இரும்பைத்தான் தின்றது. முன் வலை முதல் வருடமே துருப்பிடித்தது, ஸ்பீக்கர் பிடிக்கும் டீநட்களில் (மரத்தில் பதிக்கும் நட்) சில திருகும்போதே சுற்றத் தொடங்கின. இப்போது எல்லாம் ஸ்டெயின்லெஸ், திருகுக்குக் கொஞ்சம் கிரீஸ். கார்பெட் ஒட்ட வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நாறும். சொரசொரப்பான பெயின்ட் போதும். ஸ்பீக்கரில் இரண்டுக்குக் கோன் மாற்றியாகிவிட்டது. இரவு முழுக்க அடித்தால் கொயில் சூடேறும். 100 பாகை ஏறினால் செம்பின் தடை 39 சதவீதம் கூடும். அம்ப் அதே வோல்டேஜ் கொடுத்தாலும் சத்தம் இறங்கும். பாண்ட்காரர் “அண்ணா, அடி காணாது” என்று ஃபேடரை ஏற்றுவது சரியாக அந்த நேரம்தான். சத்தத்துக்கு உச்சவரம்பு வைக்கும் லிமிட்டர் இல்லாவிட்டால் அங்கேயே கதை முடிந்தது.

அடி காணாது என்பவர்களுக்கு நான் செய்வது பெட்டிகளை இடம் மாற்றுவது. மேடைக்கு இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு என்று பிரித்தால் பார்க்க அழகு; ஆனால் மண்டப நடுவில் பேஸ் குவியும், பக்கத்துக் கதிரை வரிசைகளில் செத்துப்போகும். நான்கையும் ஒன்றாகத் தரையில் ஒட்டி வைத்தால் அந்தப் பள்ளங்கள் இல்லை. ஒன்றை இரண்டாக்கி, இரண்டாவதற்கும் அதே அளவு பவர் கொடுத்தால் 6 டெசிபல் கூடும்; நான்காக்கினால் இன்னும் 6. எந்தக் கடையும் ஸ்டிக்கரில் விற்க முடியாத சத்தம் இது.

வெள்ளவத்தைப் பக்கம் அடுக்குமாடிகளுக்கு நடுவே வேலை என்றால் மேடைக்குப் பின்னால் போகும் பேஸ்தான் தலைவலி. இரவு 10க்குப் பிறகு ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பது 2007 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும், ஆனால் எட்டு மணிக்கே பொலிஸுக்குப் போன் போகும். அங்கே மூன்று பெட்டி அடுக்கி ஒன்றைப் பின்பக்கம் திருப்புவேன். அதற்கு மட்டும் போலாரிட்டி (பிளஸ்-மைனஸ்) மாற்றி, இரண்டு மில்லிசெக்கண்டை ஒட்டி டிலே (தாமதம்). சரியான எண்ணைப் பின்னால் மைக் வைத்து அளந்து எடுக்க வேண்டும். முன்னால் கொஞ்சம் குறையும், பின்னால் நன்றாகவே அடங்கும்.

அடுத்த சோடியை 15 இன்ச்சில் கட்ட யோசனை. கல்யாண மண்டபத்துக்கு 45 ஹெர்ட்ஸ் வரை வந்தால் தாராளம், பெட்டியும் ஒருவர் இழுத்து ஏற்றும் அளவுக்குச் சின்னதாகும். பாஸிடம் அளவு கொடுத்தாகிவிட்டது. ஸ்பீக்கர் விலைதான் இன்னும் படியவில்லை.