டயரை மாட்டும் முன் அந்த நான்கு எண்களைப் பாருங்கள்

நீண்ட பயணத்துக்கு முன்னால் பைக்குக்குப் புது டயர் போடப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 2024 ஜூலையில், புத்தம் புது டயர் என்று சொல்லி ஆறு வருடம் பழைய டயரை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதோடுதான் மூன்று நாள் ஓட்டினேன், அதில் ஒரு நாள் முழுக்க மழை. விழாமல் வந்தது என் அதிர்ஷ்டம்.

என் வண்டி அட்வென்ச்சர் டூரிங் வகை, தார்ச்சாலையிலும் மண்சாலையிலும் நெடுந்தூரம் போகிற பைக். முன்னால் 19 இன்ச், பின்னால் 17 இன்ச் அலாய் வீல், இரண்டும் ட்யூப்லெஸ். வண்டியோடு வந்த கையேட்டில் முன் டயர் 110/80 ஆர் 19, 59 வி என்றும், பின் டயர் 150/70 ஆர் 17, 69 வி என்றும் போட்டிருக்கிறது. பழைய பின் டயர் நடுவில் தட்டையாகி, தேய்மானக் குறி வரைக்கும் வந்துவிட்டது. நான் கேட்டுப் போனது, தார்ச்சாலைக்கு எண்பது மண்சாலைக்கு இருபது என்று சொல்வார்களே, அந்த வகை. என் ஓட்டமும் ஏறக்குறைய அப்படித்தான்.

கடைக்காரர் நான் சொன்னதைப் பாதிதான் கேட்டார். "சார், அட்வென்ச்சர் வண்டி வெச்சுக்கிட்டு ரோடு டயர் போடுவாங்களா? இதைப் பாருங்க" என்று தாருக்கும் மண்ணுக்கும் பாதிக்குப் பாதி வகையில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். பெரிய பெரிய கட்டைகளாக நிற்கும் பட்டன் டயர். கருப்பு அப்படியே பளபளவென்று மின்னியது. பார்க்க அழகாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். மனம் மாறிவிட்டது. இன்றைக்கு யோசித்தால், அவர் எனக்கு டயர் தேர்ந்தெடுத்துத் தரவில்லை. விற்காமல் கிடந்த சரக்குக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார், நான் போய் நின்றேன்.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் தோற்றத்தில் மட்டும் இல்லை. கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்றால் மண்ணிலும் சரளையிலும் நன்றாகக் கடித்துப் போகும். அதே இடைவெளியால் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைந்துவிடும், வளைவில் சாயும்போது கட்டைகள் அசைந்து கொடுக்கும், சீக்கிரம் தேயும். மண்சாலையில் நிறைய ஓட்டுகிறவருக்கு அது சரியான டயர். வருடத்தில் நான்கு நாள் மண்ணில் இறங்குகிற எனக்கு அது தேவையே இல்லை.

பக்கவாட்டில் இருந்த எண்களையும் நான் அன்று சரியாகப் படிக்கவில்லை. "சைஸ் அதேதான் சார்" என்றார், நான் 150/70 17 வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்துவிட்டேன். அதற்கு அடுத்து இருப்பதுதான் முக்கியம். 69 என்பது பார அளவு, அந்த ஒரு டயர் 325 கிலோ வரை தாங்கும் என்று பொருள். 59 என்றால் 243 கிலோ. பின்னால் ஒரு ஆள், மூன்று பெட்டி, நிரம்பிய டேங்க் என்று போகிறவர்கள் இந்த எண்ணில் ஒன்றுகூடக் குறையவிடக் கூடாது. அதை ஒட்டியிருக்கும் எழுத்து வேகத்துக்கு: கியூ 160, டி 190, ஹெச் 210, வி 240 கிலோமீட்டர். கையேட்டில் வி. எனக்கு மாட்டியதில் கியூ. கட்டை டயர்களில் வேக எழுத்து குறைவாக இருப்பது சகஜம்தான், அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க சார், ரெடியா இருக்கும்" என்றார். நான் போனேன். அந்த ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

முதல் இரண்டு நாள் வறண்ட சாலை. எழுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் லேசாகத் துடித்தது. கட்டை டயர் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மழை. ஒரு ரவுண்டானாவில் முப்பதுக்கும் குறைவான வேகத்தில் திரும்பும்போது, பிரேக் தொடவில்லை, ஆக்ஸிலரேட்டர் முறுக்கவில்லை, பின் சக்கரம் தன்பாட்டுக்கு வெளியே வழுக்கியது. கால் ஊன்றித்தான் நிறுத்தினேன். முழங்கால் இரண்டு வாரம் வலித்தது. புது டயரில் மேல்தோல் தேயும் வரைக்கும், முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் போலப் பதமாக ஓட்ட வேண்டும் என்பது தெரியும். ஆனால் நான் அதற்குள் ஆறுநூறு கிலோமீட்டர் தாண்டியிருந்தேன்.

அன்று இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். டிஓடி (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் ஒரு வரிசை டயரின் பக்கவாட்டில் இருக்கும். அதன் முடிவில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். பல டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், மறுபக்கத்தில் தேதி இருக்காது. எனக்கு அது சைலன்சர் பக்கம் அமைந்துவிட்டது. குழாய்க்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் நடுவே கையை விட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, சேற்றைக் கட்டை விரலால் துடைத்தேன். 2218. இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருடத்தின் 22வது வாரம். எனக்கு நம்ப முடியவில்லை, மறுபடி துடைத்துப் பார்த்தேன். முன் டயரில் 0924, அந்த வருடமே செய்தது. ஒரு ஜோடி என்று எடுத்து வைத்தாரே, அதில் ஒன்று புதிது, ஒன்று கிழம்.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. முன் டயரின் கட்டையில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்தது, பின் டயரில் கீறல்கூட விழவில்லை. இரண்டு கட்டைகளை விரலால் விலக்கிப் பார்த்தால் அடியில் முடி போல மெல்லிய வெடிப்புகள் ஓடின. துணியால் பக்கவாட்டைத் தேய்த்தபோது எண்ணெய்ப் பசையாகக் கருப்பு ஒட்டியது. கடையில் நான் ரசித்த அந்தப் பளபளப்பு டயர் பாலிஷ், வெடிப்பை மறைக்கப் பூசியது.

மாட்டிய லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ரிம் ஓரத்தை ஒட்டி டயரில் மெல்லிய ஒரு கோடு சுற்றி ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். என் டயரில் ஒரு சாண் நீளத்துக்கு அது உள்ளே புதைந்திருந்தது, அதாவது டயர் ரிம்மில் சரியாக உட்காரவே இல்லை. துடிப்புக்குக் காரணம் அதுதான். சக்கரம் சீராகச் சுழல ரிம்மில் ஒட்டும் பேலன்ஸ் எடை ஒன்றுகூட ஒட்டவில்லை.

ஊர் திரும்பியதும் நேராக அந்தக் கடைக்குப் போனேன். "அது அச்சு நம்பர் சார், தேதி இல்ல" என்று முதலில் கூசாமல் சொன்னார். முன் டயரின் எண்ணைக் காட்டி விளக்கியதும் பேச்சை மாற்றினார். "கடைக்குள்ளதானே சார் இருந்துச்சு, ஓடவே இல்லையே." ஓடாத டயருக்கும் வயதாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல இறுக்கிவிடும், வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். இருட்டான, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் ஒழுங்காக வைத்திருந்தால் ஒன்றிரண்டு வருடம் பெரிய விஷயமே இல்லை, அதை நானும் வாங்குவேன். இவர் அந்த டயரை எடுத்தது வாசல் வெயில் படும் ரேக்கிலிருந்து, பக்கத்திலேயே கம்ப்ரஸர் மோட்டார். மின் மோட்டார் பக்கத்தில் டயர் வைக்கக் கூடாது என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன, அதிலிருந்து ஓசோன் வரும். ஐந்து வருடம் ஆன டயரை வருடா வருடம் நிபுணரிடம் காட்டச் சொல்கிறார்கள். எனக்கு விற்ற அன்றே அது அந்த வயதைத் தாண்டியிருந்தது.

கடைசியில், "மாட்டின டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று முடித்துவிட்டார். என் கையில் இருந்த பில்லில் "டயர் 2" என்று மட்டும் இருந்தது. மாடல் இல்லை, தேதி எண் இல்லை. வாதாட எதுவும் இல்லை.

அதனால் சொல்கிறேன்: டயர் ரிம்மில் ஏறும் முன்பே அதைத் தரையில் உருட்டி இரண்டு பக்கமும் நீங்களே படியுங்கள். அளவு, பார எண், வேக எழுத்து, தேதி நான்கையும் படம் எடுங்கள். அந்த தேதி எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சுழலும் திசைக்கான அம்புக்குறி, சக்கர வேகத்தை சென்சாருக்குக் காட்டும் ஏபிஎஸ் வளையம் வளையாமல் இருப்பது, ஆக்ஸில் நட்டை டார்க் ரெஞ்சால் சரியான அளவுக்கு முறுக்குவது, மூன்றையும் கண்ணால் பாருங்கள். கம்பி வீல் வண்டி என்றால் ட்யூப் வேண்டுமா வேண்டாமா என்று கையேட்டைப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

வேறொரு கடையில் நான் முதலில் கேட்ட வகையிலேயே ஒரு ஜோடி போட்டுக்கொண்டேன். அங்கிருந்த பெரியவர் பழைய பின் டயரைக் கழற்றி, ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை வெச்சுக்கிட்டா மழையில போனீங்க?" என்றார். எடுத்துப் போட்டால் யாராவது மறுபடி பாலிஷ் பூசி விற்றுவிடுவார்கள் என்று பயமாக இருந்தது. பக்கவாட்டை அறுத்துவிடச் சொன்னேன். அவர் கத்தியை எடுத்து, 2218 இருந்த இடத்திலேயே குறுக்கே இழுத்தார்.