உதவி எண்ணா, பராமரிப்பாளர் கூட்டமா?

வீட்டில் ஒருவருக்கு டிமென்ஷியா (மறதிநோய்) என்று தெரிந்ததும் யாரிடம் கேட்பது என்றே புரியாது. எனக்குக் கைகொடுத்தவை இரண்டு.

முதலாவது, உதவி எண். 14567 மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன். முதியோர் இல்லம், ஓய்வூதியம், சட்டம் பற்றிய தகவல்களுக்கு அது போதும். பார்த்துக்கொள்கிறவரே மனம் உடைந்து நடுராத்திரியில் உட்கார்ந்திருந்தால் 14416, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இரண்டுமே இலவசம். ஆனால் கூப்பிடும்போதெல்லாம் வேறொரு குரல் பேசலாம். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நம்மைப் போலப் பார்த்துக்கொள்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம். அது அப்படியில்லை. அம்மா தினமும் சாயங்காலம் இரண்டு புடவையைப் பையில் சுருட்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலில் நிற்பார். "இதுதாம்மா நம்ம வீடு" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். கூட்டத்தில் ஒரு அக்கா சொன்னார்: "வாதாடாதீங்க. செருப்பைப் போட்டுவிட்டு, தெருமுனை வரை கூட்டிட்டுப் போய்த் திரும்பி வாங்க." மறுநாள் அப்படியே செய்தேன். திரும்பி வந்ததும் அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுக் காபி கேட்டார். அன்று நான் அழுதுவிட்டேன்.

இப்படிப்பட்ட கூட்டம் பற்றிச் சென்னைக்காரர்கள், ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸில் விசாரிக்கலாம். 1992-ல் கேரளத்தில் தொடங்கிய, டிமென்ஷியாவுக்கான அமைப்பான ஏஆர்டிஎஸ்ஐக்கும் பல ஊர்களில் கிளைகள் உண்டு. சிற்றூர்களில் கூட்டம் கிடைப்பது கஷ்டம்தான். அப்புறம், நாம் போய்வரும் வரை வீட்டில் ஆள் வேண்டும்.

அவசரத்துக்கு எண். ஆனால் வருடக்கணக்கில் பார்த்துக்கொள்ளப்போகிறவர், எப்படியாவது ஒரு கூட்டத்தைத் தேடிப்பிடியுங்கள்.