வம்சாவளித் தளத்துக்குப் பணம் கட்டலாமா? நீண்ட நாள் சந்தாதாரரின் அனுபவம்

நவம்பர் கடைசித் தள்ளுபடி அறிவிப்பு வந்த அன்றே தோழி போன் செய்தாள். "வருஷக்கணக்கா அந்தத் தளத்துக்குப் பணம் கட்டுறியே, இப்ப பாதி விலைதானாம். நானும் சேரட்டுமா?" அவளுடைய மருமகள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்தவள். பேரனுக்கு அம்மா வழி முன்னோர்கள் யார், எங்கிருந்து எங்கே போனார்கள் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. என் கணவர் வீட்டு வம்சாவளியை நான் தேடத் தொடங்கியதும் இதே காரணத்துக்காகத்தான். போனில் சொல்லி முடியாததால் இங்கே எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவது, குடும்ப மரத்தில் பெயர் சேர்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். கணவரின் குடும்பப் பெயர் மில்லர். அமெரிக்காவில் தேடிக் கண்டுபிடிக்க இதைவிடக் கஷ்டமான பெயர்கள் மிகக் குறைவு, எந்த மாவட்டத்தைத் திறந்தாலும் பத்து மில்லர் இருப்பார்கள். அப்படியிருந்தும் 1950 முதல் 1850 வரை எங்கள் ஆட்களைப் பின்னோக்கித் தொடர முடிந்தது. அதற்கு இந்தத் தளத்தில் இருக்கும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பக்கங்களின் படங்கள்தான் காரணம். கணக்கெடுப்பு விவரங்களை 72 ஆண்டுகள் கழித்துத்தான் திறப்பார்கள் என்பதால் 1950ஆம் ஆண்டுக்குரியது 2022 ஏப்ரலில் வெளிவந்தது. என் மாமனார் சிறுபிள்ளையாக அதில் இருக்கிறார். 1900ஆம் ஆண்டுப் பக்கம் இன்னும் அருமை. பிறந்த மாதம், கல்யாணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, அதில் உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று எல்லாம் கேட்டிருக்கிறார்கள். கொள்ளுப்பாட்டியின் வரிசையில் பெற்றது ஒன்பது, இருப்பது ஐந்து என்று எழுதியிருக்கிறது. அந்த நான்கு குழந்தைகளைப் பற்றி வீட்டில் யாருக்குமே தெரியாது.

1890 மட்டும் கிடையாது. வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் 1921இல் பிடித்த தீயில் பெரும்பகுதி நாசமாகிவிட்டது. இருபது வருட இடைவெளியை மற்ற ஆவணங்களை வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

கப்பலில் வந்த குடியேறிகளை நியூயார்க்கில் பதிவு செய்த எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றி எழுதிவிட்டார் என்று மாமனார் வீட்டில் ஒரு கதை உண்டு. எல்லிஸ் தீவு திறந்ததே 1892 ஜனவரியில். இவர்கள் 1847இலேயே மிசௌரியிலிருந்து மாட்டு வண்டியில் 2,000 மைல் கடந்து ஓரிகன் வந்து சேர்ந்துவிட்டார்கள். 1850 கணக்கெடுப்பில் யாம்ஹில் மாவட்டத்தில் பெயர் தெளிவாக இருக்கிறது, அடுத்த வீட்டில் மனைவியின் அண்ணன் குடும்பம். எழுத்தாக மாற்றிய பட்டியலை மட்டும் பார்த்து நின்றுவிட்டால் இந்த அண்டை வீடு கண்ணில் படாது. பக்கத்தின் படத்தையே திறந்து மேலும் கீழும் பத்து வீடு படியுங்கள். அந்தக் காலத்தில் தனியாகக் குடிபெயர்ந்தவர்கள் குறைவு. மச்சான், சகலை, பழைய ஊர்க்காரர் என்று கூட்டமாகத்தான் போனார்கள்.

இனி என் கோபம். தளம் நாள் தவறாமல் பரிந்துரை அனுப்புகிறது. "இவருடைய தகப்பனார் இவராக இருக்கலாம்" என்று ஒரு பெட்டி வரும். ஓரிகனுக்கு வந்த எங்கள் மில்லருக்குப் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்து ஒரு தம்பதியைப் பெற்றோராகக் காட்டுகிறார்கள். அந்தத் தகப்பனாரின் உயில் 1808இல் நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. எங்கள் ஆள் பிறந்தது 1811. செத்து மூன்று வருஷம் ஆனவருக்குப் பிள்ளை பிறந்ததாக ஒரு கணினி சொல்கிறது, நூற்றுக்கணக்கான மரங்களும் அதையே சொல்கின்றன! ஆதாரம் என்ன என்று பார்த்தால் வேறொரு மரம். அதற்கு ஆதாரம் இன்னொரு மரம். ஒரு பையனைப் பார்த்து வகுப்பே காப்பியடித்த பரீட்சை போல, எல்லாத் தாளிலும் ஒரே தப்பு.

இந்தத் தப்பு பரவியதற்கு ஒரு காரணமும் உண்டு. அந்த லங்காஸ்டர் மனிதர் அமெரிக்கச் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர். 1890இல் தொடங்கிய 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' சங்கம் மாதிரி அமைப்புகளில் சேர அப்படி ஒரு முன்னோர் தேவை. அதனால் ஊரில் இருக்கும் மில்லர் எல்லாம் அவரிடம் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் ஒரு நிறுவனம், இறந்த தேதிக்குப் பின்னால் பிறந்த தேதி வருகிறதே என்று பார்க்கக்கூட மாட்டாதா? நிராகரித்தாலும் வேறொருவரின் மரம் வழியாக அதே தம்பதி திரும்பி வருகிறார்கள். வாடிக்கையாளர் சேவைக்கு உயிலின் படத்தையே இணைத்து எழுதினேன். மற்ற பயனர்களின் மரங்களுக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. பொறுப்பில்லை என்றால் அதைப் பரிந்துரையாக ஏன் அனுப்ப வேண்டும்?

உண்மையான விடை வேறு இரண்டு இடங்களில் கிடைத்தது, தளம் இரண்டையும் எனக்குக் காட்டவே இல்லை.

ஒன்று, ஓரிகன் நிலக்கொடைக் கோப்பு. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த ஆண்டு டிசம்பருக்குள் குடியேறிய தம்பதிக்கு 640 ஏக்கர். அதில் பாதி மனைவியின் பெயரிலேயே. கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளும் உரிமை அரிதாக இருந்த காலத்தில் 320 ஏக்கர்! நிலம் கேட்பவர் பிறந்த தேதி, ஊர், கல்யாண தேதி, இடம் எல்லாம் சொல்ல வேண்டும். தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து நகல் வாங்கினேன். பிறந்த இடம் டென்னசி, கிரீன் மாவட்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியா இல்லை.

கிழக்கு டென்னசி என்றதும் பாதை அடைத்துவிடும். 1800, 1810, 1820 கணக்கெடுப்புகள் அந்தப் பக்கத்துக்கு அநேகமாக இல்லவே இல்லை. 1830, 1840 இருந்தாலும் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வயது வாரியாக வெறும் எண்ணிக்கை. அடிமைகள் அல்லாத எல்லோரையும் பெயர் சொல்லிக் குறித்தது 1850இல்தான்.

இரண்டாவது வழி இங்கே கை கொடுத்தது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து மார்மன் சபை நடத்தும் ஃபேமிலிசர்ச் முழுக்க இலவசம். அவர்கள் 1938 முதல் உலகம் முழுக்க ஆவணங்களை மைக்ரோஃபிலிம் எடுத்து வந்தவர்கள். 2024இல் கையெழுத்தைக் கணினியே படித்துத் தேடித்தரும் வசதியைக் கொண்டுவந்தார்கள், முதலில் அமெரிக்க நிலப் பத்திரங்களுக்கும் உயில்களுக்கும். அதற்கு முன்பு பத்திரப் புத்தகத்தின் அட்டவணையில் விற்றவர், வாங்கியவர் பெயர்தான் இருக்கும். பத்திரத்துக்கு உள்ளே வரும் மகன், மருமகன், சாட்சி யாரையும் தேட முடியாது. நான் 'மில்லர்' என்றும் ஓரிகன் வருமுன் அவர் கடைசியாக வாழ்ந்த மிசௌரி மாவட்டமான 'பிளாட்' என்றும் சேர்த்துத் தட்டினேன். கிரீன் மாவட்டப் பத்திரப் புத்தகத்தில் ஒரு பவர் பத்திரம் வந்து நின்றது. இறந்த தகப்பனாரின் நிலத்தில் தன் பங்கை விற்க, மிசௌரி பிளாட் மாவட்டத்தில் வசிக்கும் மகன் தன் அண்ணனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தகப்பனார் பெயர், கூடப் பிறந்த எல்லோர் பெயர், மருமகன்கள் உட்பட. எனக்குக் கை நடுங்கியது. மாமனாருக்கு உடனே போன் செய்து பத்திரத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன்.

டென்னசியிலேயே தங்கிவிட்ட அந்த அண்ணனைத் தேடியபோது வேறொன்றும் வந்தது. 1850 கணக்கெடுப்பில் அடிமைகளை உடைமையாளர் பெயரின் கீழ் தனியாகக் குறித்த பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே நான்கு வரி. வயது, பாலினம், நிறம், அவ்வளவுதான். பெயர் இல்லை. எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி அதில் இருக்கிறாள். இதை மரத்தில் சேர்க்க வேண்டாம் என்று வீட்டில் ஒருவர் சொன்னார். நான் சேர்த்துவிட்டேன், கணவரும் அதுதான் சரி என்றார். அந்தப் பெண்ணின் சந்ததி யாராவது தேடினால் அடிமை முறை ஒழிந்த பிறகு எடுத்த 1870 கணக்கெடுப்புக்கு முந்தையவற்றில் அவர்களுக்குப் பெயர் கிடைக்காது. அதற்கு முன்னால் போக, உடைமையாளர் வீட்டு உயிலும் சொத்துப் பட்டியலும்தான் வழி. எங்களிடம் இருக்கும் தாள் அவர்களுக்கு உதவும். இது பொதுவில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தைப் பற்றியும் தளம் ஒரு பரிந்துரையும் அனுப்பவில்லை.

சரி, வாங்கலாமா? படங்களின் தரம், செய்தித்தாள்கள், மிசௌரி கல்யாணப் பதிவுகள் இதிலெல்லாம் இந்தக் கட்டணத் தளத்தை அடிக்க ஆள் இல்லை. மாமனார் சிறுபிள்ளையாக இருக்கும் அந்த 1950 பக்கத்துக்காகவே கொடுத்த காசு தகும் என்பேன். ஆனாலும் தோழிக்கு நான் சொன்ன பதில் வேண்டாம் என்பதுதான். புதிதாக வருபவருக்குப் பாதி விலை, இத்தனை வருஷம் கட்டியவளுக்கு முழு விலை, கூடவே தினமும் அந்த லங்காஸ்டர் தம்பதி. இந்த வாரம் என்னால் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய முடியாது. என் சந்தா மட்டும் இன்னும் ஓடுகிறது. கிரீன் மாவட்டத்து அந்தத் தகப்பனாரின் தகப்பனார் வர்ஜீனியாவின் ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்து வந்தவராகத் தெரிகிறது, அந்தத் தேவாலயப் பதிவுகளின் படம் இங்கேதான் இருக்கிறது.

நீங்கள் தொடங்குவதானால் ஃபேமிலிசர்ச்சில் தொடங்குங்கள். அரசு நிலங்களின் பட்டாவுக்கு மத்திய அரசின் நில மேலாண்மைத் துறைத் தளம் இலவசம். கட்டணத் தளங்களின் நூலகப் பதிப்பு பல பொது நூலகங்களில் காசில்லாமல் கிடைக்கும், உள்ளூரில் கேட்டுப் பாருங்கள். அப்புறமும் சந்தா தேவைப்பட்டால் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள். அந்த மாதத்துக்குள் ஒவ்வொரு படத்தையும் சொந்தக் கணினியில் இறக்கி, ஆண்டு, மாவட்டம், பக்க எண் போட்டுச் சேமியுங்கள். சந்தா முடிந்த மறுநாள் மரம் இருக்கும், படங்கள் பூட்டிவிடும்.