கோல்டு அட்டையா, நேரத்துக்கு இறங்கும் விமானமா: கடலூரிலிருந்து ஒரு கணக்கு

மருந்து கம்பெனிகளில் தரத் தணிக்கை செய்வது என் வேலை. அகமதாபாத், மும்பை, ஐதராபாத், அவ்வப்போது சிங்கப்பூர் என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சில வருடங்கள் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி விமானங்களாகப் பார்த்து ஏறி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்காக நடத்தும் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் மைல் சேர்த்து, அதன் கோல்டு அட்டையை வைத்திருந்தேன். அடுத்த சுற்றுக்குப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது போதும் என்று விட்டுவிட்டேன். இப்போது எந்த விமானம் எனக்குத் தோதான நேரத்தில் சென்னையில் இறங்குகிறதோ அதில் ஏறுகிறேன். இரண்டு விதமாகவும் பறந்து பார்த்த பிறகு என் மனம் இந்த இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது. அதை மறைத்து எழுதப் போவதில்லை.

கோல்டில் கிடைக்கும் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். செக்-இன்னுக்குத் தனி வரிசை, கூடுதலாக 20 கிலோ பெட்டி, விமான நிலையத்தில் காத்திருக்க லவுஞ்ச் என்ற வசதியான தனி அறை, இறங்கியதும் நம் பெட்டி முதலில் வந்து விழுவது. இதில் லவுஞ்சை நான் குறைத்துப் பேச மாட்டேன். பரனூர் டோல்கேட்டில் எவ்வளவு நேரம் நிற்போம் என்று சொல்ல முடியாததால், நம் ஊர்க்காரர்கள் எப்போதும் இரண்டு மணி நேரம் முன்கூட்டியே கிளம்புவோம். சாலை காலியாக இருந்துவிட்டால் அந்த இரண்டு மணி நேரத்தையும் விமான நிலையத்தில்தான் கழிக்க வேண்டும். அப்போது லேப்டாப்பை வைக்க ஒரு மேசையும் சூடாக இட்லியும் கிடைப்பது பெரிய விஷயம். விமானம் ரத்தாகும் நாளில் தனி கவுண்டர் இருப்பதும் அப்படித்தான்.

இனி கணக்குக்கு வருவோம். நான் சேர்த்த காலத்தில் கோல்டுக்கு 12 மாதத்துக்குள் 50,000 எலைட் மைல், அதாவது அட்டைத் தகுதிக்காகக் கணக்கிடும் மைல், வேண்டும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஒரு வழிக்கு ஏறக்குறைய 1,800 மைல். முழு மைல் தரும் விலை கூடிய டிக்கெட்டிலேயே போனாலும் 14 முறை போய்வர வேண்டும். பாதி மைல் தரும் மலிவு டிக்கெட் என்றால் 28 முறை. மாதம் தவறாமல் முழு விலை டிக்கெட்டில் சிங்கப்பூர் போய் வருகிறவருக்கே எட்டாத கணக்கு இது. குறைவதை எங்கிருந்து நிரப்புவது? உள்நாட்டுப் பயணங்களிலிருந்துதான். ஏர் இந்தியா 2014 முதல் ஸ்டார் அலையன்ஸில் இருப்பதால், அகமதாபாத்தோ ஐதராபாத்தோ எங்கே போனாலும் அதில்தான் போக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. வீட்டுக்குத் தொந்தரவு ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான்.

சென்னைவாசிக்கு விமானம் இரவு எட்டு மணிக்கு இறங்கினாலும் பதினொன்றரைக்கு இறங்கினாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆட்டோவோ டாக்சியோ பிடித்து ஒரு மணி நேரத்தில் வீட்டில் இருப்பார். கடலூர்க்காரிக்கு அந்த மூன்றரை மணி நேரம்தான் எல்லாமே. எட்டு மணிக்கு இறங்கினால் வீடு சேர நள்ளிரவு தாண்டும், அவ்வளவுதான். துணைக்கு ஆள் இருந்தால் எதிரிலேயே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்துக் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில் இறங்கலாம். பதினொன்றரைக்கு இறங்கினால் ரயிலும் இல்லை, பெண் தனியாகப் போகக்கூடிய பேருந்தும் இல்லை. கடலூரிலிருந்து வரவழைத்த கார் ஒன்றுதான் வழி.

அந்தக் காரை ஓட்டுகிறவர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பி வந்தவர். சாயங்காலத்திலிருந்து பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்பார். பெருங்களத்தூர் தாண்டும் வரை நன்றாகப் பேசிக்கொண்டு வருவார். செங்கல்பட்டுக்கு அப்புறம் பேச்சு குறையும். மேல்மருவத்தூரை நெருங்கும்போது கார் மெல்ல இடது பக்கமாகச் சாய்ந்து, வெள்ளைக் கோட்டின் மேல் டயர் ஏறுகிற சத்தம் கேட்கும். "அண்ணே, டீ குடிக்கலாமா" என்பேன். அச்சிறுப்பாக்கம் பக்கம் விடிய விடியத் திறந்திருக்கும் ஒரு கடை உண்டு. அவர் இறங்கி, பிளாஸ்டிக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு முகத்தில் அடித்துக்கொள்வார், கழுத்துத் துண்டை நனைத்துத் திரும்பப் போட்டுக்கொள்வார். "ஒண்ணுமில்ல மேடம், இப்ப தெளிஞ்சிடுச்சு." அங்கிருந்து திண்டிவனம், மொரட்டாண்டி, புதுச்சேரி, முள்ளோடை, ரெட்டிச்சாவடி என்று இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கும். நான் கண் மூட மாட்டேன். மூடினால் அவருக்கும் மூடிவிடும் என்று பயம். வீடு சேரும்போது பால் பாக்கெட் வந்திருக்கும். அத்தை தூங்காமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பகல் முழுக்கத் தலைவலி, மகளிடம் எரிச்சல். ஒரு இரவுப் பயணத்தின் விலை அதற்கடுத்த இரண்டு நாளும் சேர்த்துத்தான்.

அகமதாபாத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு இண்டிகோவில் நேரடியாக வந்தால் இரண்டரை மணி நேரத்துச் சொச்சம். நான் மைல் சேர்த்த வழியில் மும்பையிலோ டெல்லியிலோ மாறி வர வேண்டும். தணிக்கையை மதியம் முடித்துவிட்டு நேரடி விமானத்தில் ஏறினால் மாலையில் சென்னை. மாறி வந்தால், மேலே சொன்ன பதினொன்றரை. லவுஞ்சில் கிடைத்த மேசையையும் இட்லியையும் அச்சிறுப்பாக்கத்து டீக்கடைக்கு எதிரில் வைத்துப் பார்த்தால் எனக்கு ஈடாகவில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 2024 டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் ஏடிஆர் என்ற சிறிய விமானங்களைத் தொடங்கியது. ஐதராபாத்தில் வேலை என்றால் சென்னைச் சாலையையே மிதிக்க வேண்டாம். மஞ்சக்குப்பத்திலிருந்து எனக்கே ஒரு மணி நேரத்துக்குள் லாஸ்பேட்டை. சிங்கப்பூருக்குத் திருச்சி இருக்கிறது. கடலூரிலிருந்து சென்னைக்கு ஆகும் தூரம்தான் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கும், கொஞ்சம் முன்பின். பெருங்களத்தூர் நெரிசல் மட்டும் கிடையாது. அங்கிருந்து இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இரண்டும் பறக்கின்றன. இவற்றில் ஏறினால் கிரிஸ்ஃப்ளையர் கணக்கில் ஒன்றும் சேராது. அதனால் கோல்டு வைத்திருந்த காலத்தில் இந்த இரண்டு ஊர்களையும் நான் தேடிக்கூடப் பார்த்ததில்லை. லாஸ்பேட்டை சேவை நடுவில் பல மாதம் நின்றுபோனதும் உண்டு என்பதால், அதை மட்டும் நம்பித் திட்டம் போடச் சொல்ல மாட்டேன்.

கோல்டு வாடகை வீடு மாதிரி. வருடம் முடிந்தால் மறுபடி மொத்தப் பணத்தையும் கட்ட வேண்டும், மீட்டர் பூஜ்ஜியத்திலிருந்து ஓடும். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் என் தோழி ஒருத்தி, வருடக் கணக்கு முடியும் மாதத்தில் கொஞ்சம் குறைகிறது என்பதற்காக வேலை எதுவுமில்லாமல் சிங்கப்பூர் போய்விட்டு அடுத்த விமானத்திலேயே திரும்பினாள். "அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் போயிட்டு வந்துட்டா அடுத்த வருஷத்துக்கும் நிக்கும்" என்றாள். போனது ஞாயிற்றுக்கிழமை. அவள் பையனுக்கு மறுநாள் அரையாண்டுப் பரீட்சை. சந்தோஷமாகத்தான் வந்தாள், அவள் கணக்கு அவளுக்கு. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை மனதை விட்டுப் போகவில்லை.

இப்படிச் சேர்த்தது நம் கையில் நிற்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. இரண்டிலும் வருடக்கணக்கில் விசுவாசமாகப் பறந்தவர்களின் அட்டைகளைக் காட்ட அதற்குப் பிறகு கவுண்டரே இல்லை. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் கிளப் விஸ்தாரா மைல் கணக்குகள் ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்புக்குப் போயின. புள்ளிகள் பிழைத்தன, சரி. ஆனால் விதிகளை எழுதுவது எப்போதும் அவர்கள்தான்.

அப்படியென்றால் யாருமே கோல்டைத் துரத்தக் கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. கம்பெனி செலவில் பிசினஸ் கிளாஸில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஓயாமல் போகிறவருக்கு மைல் தானாகவே மலைபோல் சேரும். அவர் நேரத்தைக் குலைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை, கோல்டு தானாக வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு பறக்கிறவர்களுக்கும் அந்தத் தனி வரிசையின் அருமை வேறு மாதிரி தெரியலாம். கல்யாணமாகாத இளம் பிள்ளைகளுக்கு இரவு இரண்டு மணி ஒரு பொருட்டாகவே இருக்காது. நான் சொல்வது, மாதத்தில் சில முறை எகானமியில் பறந்து, வீட்டில் பிள்ளையும் பெரியவர்களும் காத்திருக்கும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு.

லவுஞ்ச் மட்டும்தான் குறை என்றால் அதற்குக் கிரெடிட் கார்டு போதும். முன்புபோல எல்லா அட்டைக்கும் தாராளமாகக் கிடைப்பதில்லை. பல வங்கிகள் காலாண்டுக்கு இவ்வளவு செலவு செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்துவிட்டன. வீட்டு மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஒரே அட்டையில் போட்டு அந்த அளவை எட்டிவிடுகிறேன். கூட்டணி லவுஞ்ச் அளவுக்கு இது அமைதியாக இருக்காது, நுழைய வரிசையும் நிற்கும். உட்கார இடமும் சார்ஜ் போட பிளக்கும் கிடைத்துவிடுகின்றன.

இப்போது அலுவலகத்தில் டிக்கெட் போடும் தம்பியிடம் நான் விமானத்தின் பெயரைச் சொல்வதே இல்லை. மாலை ஆறு மணிக்குள் சென்னையில் இறங்க வேண்டும், இல்லையென்றால் திருச்சியைப் பார், ஐதராபாத் என்றால் லாஸ்பேட்டையை முதலில் பார். இந்த மூன்றும் அமையாத நாளில் மீனம்பாக்கம் பக்கம் ஒரு அறை போட்டுவிடச் சொல்கிறேன். இரவுக் காருக்கும் டிரைவரின் காத்திருப்புக்கும் ஆகிற பணத்தில் அந்த அறை வாடகை பெரும்பாலும் அடங்கிவிடுகிறது என்று கணக்குப் பிரிவில் காட்டிய பிறகு அவர்களும் மறுப்பதில்லை.