கைப்பேசியில் இடம் தீர்ந்துவிட்டால்: மெமரி கார்டா, கிளவுடா, பென் டிரைவா?

64 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டு விற்கப்பட்ட கைப்பேசியில், இயங்குதளமும் அதனுடனேயே வந்த செயலிகளும் தம் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் இடத்தில்தான் நம் படங்களும் காணொளிகளும் வாட்ஸ்அப்பும் குடியிருக்கின்றன. இரண்டு மூன்று ஆண்டுகளில் அது நிறைந்து, இனி இடமில்லை என்ற அறிவிப்பு வரத் தொடங்கும்போது, கடைக்காரர் மெமரி கார்டு வாங்கச் சொல்வார், கைப்பேசி கூகுளுக்குப் பணம் கட்டச் சொல்லும், விவரம் தெரிந்த நண்பர் பென் டிரைவில் ஏற்றிவிடச் சொல்வார். இந்த மூன்றையும் ஒரு ஜிபிக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கில் ஒப்பிடுவதே வழக்கம். இந்த அலசலில் நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு: இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கே அது இருக்குமா, கைப்பேசியே தொலைந்துபோனால் கையில் என்ன மிஞ்சும் என்ற இரண்டு கேள்விகளே அது. பணக்கணக்கில் ஏமாந்தவர்களைவிட இந்தக் கேள்விகளைக் கேட்காமல் படங்களை இழந்தவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன், செலவில்லாத வழியான துப்புரவைச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதி ஒன்று உண்டு. 5 எம்பிக்கு மேற்பட்ட கோப்புகளையும், பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டவற்றையும் அது தனித்தனியே திரட்டிக் காட்டும். காலை வணக்கப் படங்களும், ஒரே காணொளி நான்கு குடும்பக் குழுக்களில் வந்து சேர்ந்த கதையும் அங்கே அப்பட்டமாகத் தெரியும். அடுத்தது கேமரா. ஐஃபோனின் அமைப்புத் திரை தரும் கணக்கின்படி, சிக்கனமான வடிவத்தில் பதிவுசெய்தாலும் ஒரு நிமிட 1080பி தரக் காணொளிக்கு ஏறத்தாழ 60 எம்பியும், அதைவிடத் துல்லியமான 4கே காணொளிக்கு 170 எம்பியும் ஆகின்றன. ஆகவே காதுகுத்து விழாவில் பத்து நிமிடம் 4கே-யில் எடுத்தால் 1.7 ஜிபி போய்விடும். கைப்பேசித் திரையிலேயே பார்க்கப்போகும் காணொளிக்கு 1080பி தாராளம். ‘கிளீனர்’ என்ற பெயரில் வரும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. செயலிகள் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கேஷை அழிப்பது கைப்பேசியே செய்யக்கூடிய வேலை, அழித்த கேஷும் சில நாட்களில் மீண்டும் நிறைந்துவிடும்.

இப்போது மெமரி கார்டுக்கு வருவோம். முதலில் அதைச் செருக இடம் இருக்க வேண்டும். ஐஃபோனில் அந்த வசதி என்றுமே இருந்ததில்லை. சாம்சங் தன் கேலக்ஸி எஸ் வரிசையில் 2015-இல் எஸ்6-உடன் அதை நீக்கி, மறு ஆண்டு எஸ்7-இல் திருப்பிக் கொடுத்து, 2021-இல் எஸ்21-உடன் மறுபடியும் எடுத்துவிட்டது. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றில் அந்த இடம் இன்னும் உண்டு, ஆனால் இரண்டாவது சிம்மா மெமரி கார்டா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஹைப்ரிட் தட்டுகளும் அவற்றில் இருக்கின்றன.

கார்டைப் பயன்படுத்தும் முறையும் இரண்டு வகைப்படும். வெளிச் சேமிப்பிடமாக வைத்துக்கொண்டால், கழற்றி வேறு கைப்பேசியிலோ கணினியிலோ போட்டுப் படிக்கலாம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6, கார்டைக் கைப்பேசியின் உள்நினைவகத்தோடு ஒன்றாக இணைத்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது. அது எல்லா நிறுவனங்களின் கைப்பேசிகளிலும் கிடைப்பதில்லை. செயலிகளையும் அதில் வைக்கலாம் என்பதால் கவர்ச்சியாகத் தோன்றினாலும், அப்படி இணைக்கப்பட்ட கார்டு அந்தக் கைப்பேசிக்கென்றே மறையாக்கம் செய்யப்படுகிறது என்பதையும், கைப்பேசி பழுதானால் நல்ல நிலையில் உள்ள அதே கார்டை வேறெதிலும் படிக்க முடியாது என்பதையும் விற்பவர் எவரும் சொல்வதில்லை. வேகமும் ஒரு சிக்கல். செயலிகளை இயக்கத் தகுந்த கார்டில் ஏ1 அல்லது ஏ2 என்ற குறி இருக்க வேண்டும். வெறும் ‘கிளாஸ் 10’ என்பது நொடிக்கு 10 எம்பி தொடர்ந்து எழுதும் என்பதற்கு மட்டுமே உறுதி. போதாக்குறைக்கு, 16 ஜிபி கார்டைத் தன்னை 256 ஜிபி என்று சொல்லிக்கொள்ளும்படி மாற்றி விற்கும் போலிகளும் சந்தையில் உலவுகின்றன. அவற்றில் உண்மையான கொள்ளளவு நிறையும்வரை எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும், அதன்பின் எழுதப்படுபவை படிக்க முடியாத கோப்புகளாகவே மிஞ்சும். என் அளவுகோலில் கார்டு தோற்பது இன்னொரு காரணத்தால்: அது கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. பேருந்தில் கைப்பேசி பறிபோனால் கார்டும் சேர்ந்தே போகும்.

நம் கோப்புகளை இணையம் வழியே நிறுவனங்களின் கணினிகளில் வைக்கும் கிளவுட் இந்த இடத்தில்தான் வெல்கிறது. ஆனால் அதன் விதிகள் நிலையானவை அல்ல. கூகுள் ஃபோட்டோஸ் 2015 மே மாதத்தில் வந்தபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களை வேண்டுமானாலும் இலவசமாக வைக்கலாம் என்றது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படுபவை எல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரத் தொடங்கின. அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் டிரைவும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆப்பிளின் ஐகிளவுட் தரும் இலவச இடம் 5 ஜிபிதான். கூகுளில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய் என்பது சிறு தொகையாகத் தெரியலாம், ஆனால் அது வாடகை. பத்து ஆண்டுகளுக்கு 15,600 ரூபாய் ஆகும் என்பதோடு, படங்கள் பெருகப் பெருக அடுத்த திட்டத்திற்கு ஏற வேண்டியும் வரும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம் என்பது, இறந்தவர்களின் படங்களை அவர்களின் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய விதி.

அழித்தல் பற்றிய கேள்விக்கு வந்தால், கிளவுடில்தான் மிக அதிகமானோர் இடறுகிறார்கள். கூகுள் ஃபோட்டோஸில் ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற பொத்தான், பேக்கப் ஆன படங்களைக் கைப்பேசியிலிருந்து மட்டும் நீக்கும். அதே செயலியில் படத்தைத் தேர்ந்தெடுத்துக் குப்பைத்தொட்டிக் குறியை அழுத்தினால், பேக்கப் ஆன படம் இரண்டு இடத்திலும் போய்விடும். ஐகிளவுட் ஃபோட்டோஸும் அப்படியே: அது ஒத்திசைவு, அதாவது எல்லாக் கருவிகளையும் ஒரே நிலையில் வைத்திருப்பது, ஆகவே ஐஃபோனில் அழித்தது ஐபேடிலும் அழியும். மேலே கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்று நம்பி இடத்துக்காகக் கையால் அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியில் படம் காத்திருக்கும் கெடு முடிந்த பிறகு தேடி வந்த உறவினர் ஒருவருக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

டைப்-சி முனையுள்ள பென் டிரைவ் இந்த மூன்றில் மிகக் குறைந்த மதிப்போடு பார்க்கப்படுவது, எனக்கோ மிகவும் பிடித்தது. மாத வாடகை இல்லை, இணையம் வேண்டாம், கைப்பேசிக்கு வெளியே இருக்கிறது. ஒத்திசைவு இல்லாததால், கைப்பேசியில் அழிப்பது எதுவும் இதைத் தொடாது. குறை என்னவென்றால் எல்லாவற்றையும் நாமே நினைவு வைத்துச் செய்ய வேண்டும், சோம்பேறிகளுக்கு இது ஒத்துவராது. பழைய எஃப்ஏடி32 வடிவில் உள்ள டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. சில கைப்பேசிகளில், வெளிச் சாதனங்களை இணைக்க உதவும் ஓடிஜி என்ற வசதியை அமைப்புகளில் இயக்கினால்தான் டிரைவ் கண்ணில் படும். வாட்ஸ்அப் வழி வரும் படங்களில் எடுத்த நாள் பற்றிய உள்விவரம் நீங்கியிருக்கும் என்பதால், நாள் அடங்கிய அவற்றின் கோப்புப் பெயர்களை மாற்றாமல் அப்படியே வைப்பது நல்லது. ஒரு பென் டிரைவ் மட்டும் போதாது. அதுவும் ஒரு நாள் பேசாமல் இறந்துவிடும். இரண்டில் நகலெடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது சரி.

இவற்றை வைத்துப் பார்த்தால், மெமரி கார்டு பாடல்களுக்கும் பதிவிறக்கிய திரைப்படங்களுக்கும் உரிய இடம். போனால் மறுபடி கிடைப்பவை அங்கே இருக்கலாம். குழந்தையின் முதல் நடை, பாட்டியின் குரல், பத்திரங்களின் படங்கள் போன்று மறுபடி கிடைக்காதவற்றுக்கு இலவச 15 ஜிபியை ஒதுக்கி, காலை வணக்கங்களை அங்கே ஏறவிடாமல் வாட்ஸ்அப் கோப்புறைகளின் பேக்கப்பை நிறுத்திவிட வேண்டும். மற்ற எல்லாப் படங்களும் காணொளிகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென் டிரைவுக்குப் போகட்டும். அப்போது ‘மூவ்’ கொடுக்காமல் ‘காப்பி’ கொடுத்து, டிரைவிலிருந்தே நாலைந்து காணொளிகளை இறுதிவரை ஓட்டிப் பார்த்த பிறகு கைப்பேசியில் அழிக்க வேண்டும். கேலரியிலேயே பேக்கப் ஆகாதவற்றை அழித்த பிறகும் இடம் கூடவில்லையே என்று திகைக்க வேண்டாம். அவை பெரும்பாலும் 30 நாள் குப்பைத்தொட்டியில் காத்திருக்கும், அதைத் திறந்து காலிசெய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.