முட்டியில் ஜவ்வு வளர்ந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டினால், நின்று எடுத்ததா படுத்து எடுத்ததா என்று கேளுங்கள்

அம்மாவுக்கு 64 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம். திருச்சியில் நாங்கள் வழக்கமாகக் காட்டும் எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேவைப் பார்த்து மூன்றாம் நிலை என்றார். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், எடையைக் குறைத்து தொடைத் தசைக்குப் பயிற்சி செய்யுங்கள் என்றார். எங்களுக்குத்தான் பொறுமை இல்லை. படிக்குப் படி சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் போனில் ஒரு கைரோபிராக்டிக் சென்டரின் வீடியோ வந்தது. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்தித் திருப்பும் சிகிச்சை அது. ஆபரேஷன் இல்லை, மாத்திரை இல்லை, 15 சிட்டிங்கில் ஜவ்வு, அதாவது எலும்பு முனைகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு, வளரும் என்றார்கள்.

சிட்டிங், டயட் சார்ட், மூன்று டப்பா பவுடர் எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய். முழுப் பணத்தையும் முதலிலேயே ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்கு, “கடைசியில மொத்தமா போட்டுத் தர்றோம்மா” என்றார்கள்.

முதல் நாள் அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் இரண்டு கையையும் ஊன்றி ஒரே அழுத்து. படக்கென்று சத்தம். “கேட்டுச்சாம்மா? விலகின எலும்பு உட்கார்ந்துடுச்சு” என்றார் அந்தத் தம்பி. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும்போது வரும் சத்தம் அது, எலும்பு எதுவும் இடம் மாறவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்புறம் கழுத்தையும் திருப்பினார். அம்மாவுக்கு எலும்பு அடர்த்தி குறைவு என்ற டெக்ஸா ஸ்கேன் ரிப்போர்ட் நாங்கள் கொண்டுபோன ஃபைலிலேயே இருந்தது. அவர்கள் ஃபைலைத் திறக்கவே இல்லை. அப்படிப்பட்ட எலும்பு திடீர் அழுத்தத்தில் விரிசல் விடலாம். ஒன்றும் ஆகவில்லை என்றாலும் நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு கலங்குகிறது.

டயட் சார்ட் அதைவிடக் கொடுமை. பருப்பு, முட்டை, பால், தயிர், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் கூடாது. கேட்டால் வாயு, யூரிக் ஆசிட் என்றார்கள். ராத்திரிக்கு சுடுதண்ணீரில் கலக்கிய அவர்களுடைய பவுடர் மட்டும்தான். இரண்டு மாதத்தில் அம்மா நாலு கிலோ குறைந்தார். நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போனது. யூரிக் ஆசிட் வாதம் வேறு நோய், தேய்மானத்துக்கும் பருப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று மருத்துவர் பிறகு சொன்னார். எடை குறைவது நல்லதுதான். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி தாங்கும் சுமை சுமார் நாலு கிலோ குறையும். ஆனால் முட்டியைத் தாங்கிப் பிடிக்கிற தசை கரைந்துவிட்டால் அதில் என்ன பயன்? புரதத்தை நிறுத்தி எடையைக் குறைக்கவே கூடாது என்றார்.

15 சிட்டிங் முடிந்ததும் அவர்களே சொன்ன லேபில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். பழைய படத்தையும் புதியதையும் வெளிச்சப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார்கள். உண்மையிலேயே புதிய படத்தில் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. “ஜவ்வு வளர்ந்திருக்கு பாருங்கம்மா. இன்னும் 15 போட்டா முழுசா வந்துடும்.” எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அங்கேயே இன்னும் 10,000 கட்டினேன்.

ஆனால் வீட்டில் அம்மா பழையபடி சுவரைப் பிடித்துத்தான் ஏறினார். மனசு கேட்காமல் இரண்டு படத்தையும் பழைய மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஒரு நிமிடம்கூடப் பார்த்திருக்க மாட்டார். “இந்த ரெண்டாவது படம் எடுக்கும்போது நின்னீங்களா, படுத்திருந்தீங்களாம்மா?” என்று கேட்டார். “படுத்துதான் சார்” என்றார் அம்மா. நிற்கும்போது உடல் எடை எலும்புகளை நெருக்குவதால் இடைவெளி குறுகித் தெரியும். படுத்தால் விரிந்து தெரியும். அவ்வளவுதான் விஷயம். நிற்க வைத்து மறுபடி எடுத்தார். முதல் படத்தில் இருந்த அதே இடுக்கு.

ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது, அது இருக்கும் இடம் வெறும் இடைவெளியாகத்தான் தெரியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மூட்டைக் கையால் அழுத்தி அசைத்துச் செய்யும் சிகிச்சை எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சிகிச்சையை எப்போது தரலாம் என்று மருத்துவர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அதையும் பரிசீலிக்கலாம், ஆனால் உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் என்று இருக்கிறது. எங்களுக்கு அந்த சென்டரில் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை. கைரோபிராக்டிக் 1895-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே அதற்குப் படிப்பும் உரிமமும் உண்டு. இங்கே அதற்கென்று சட்டப்படியான கவுன்சில் இல்லை. அதனால் போர்டில் ‘டாக்டர்’ என்று இருந்தால் என்ன படிப்பு, எங்கே பதிவு என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பில் தராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டையும் மூன்று எக்ஸ்ரேவையும் வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். யாராவது இப்படிக் கட்டியிருந்தால் வாட்ஸாப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள்.

அம்மா இப்போது பிசியோவிடம் போகிறார். காலையில் கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பத்து எண்ணுகிறார். மதியம் பருப்பு, முட்டை எல்லாம் உண்டு. வலி போய்விடவில்லை. மாடி ஏறும்போது நடுவில் ஒரு முறைதான் நிற்கிறார்.